ஏழு பேருக்கு ஒரு வேன்: புத்தளத்திலிருந்து நீராவிப்பிட்டிக்கு



இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு, முழங்கால் வலிக்காரியான உம்மாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் சோற்றுப் பார்சல் பையுடன் அநுராதபுர பஸ் நிலையத்தில் நடுப்பகல் வெயிலில் நீங்கள் நின்றதுண்டா? என் மனைவி நின்றிருக்கிறார். ஒரு முறையல்ல, ஆறேழு ஆண்டுகள். புத்தளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து வவுனியாவுக்கு ஒரு பஸ், வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு இன்னொன்று. ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஆட்களை எண்ண வேண்டும், பைகளை எண்ண வேண்டும். இருநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம்தான். அதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும்.

"குடும்பத்துக்கு எந்த வேன் நல்லது மௌலவி?" என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மார்க்கச் சட்டம் கேட்க வேண்டியவரிடம் வாகனத்தைப் பற்றியா கேட்பது என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் எஞ்சின் சாஸ்திரம் தெரியாது. ஆனால் 2019 முதல் ஒரே வேனில், ஒரே பாதையில், ஏழு பேராகப் போய் வருகிறோம். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கேட்பவர்கள் எல்லாரும் ஆண்கள். பின் ஆசனத்தில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே உங்களுக்கே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு ஊர் எப்படி வந்தது என்பதை வடக்கு முஸ்லிம் வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வீடு, காணி, கடை, வாகனம் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் வந்து தங்கினார்கள். முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் போன்ற இடங்களில் இருந்த எங்களுக்கும் அதே கதிதான். எனக்கு அப்போது பத்து வயது. வவுனியா வரை ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்தோம். யுத்தம் 2009 இல் முடிந்த பின் திரும்பலாம் என்றானது. சிலர் திரும்பினார்கள். சிலர் புத்தளத்தில் பிள்ளைகளின் படிப்பை, தொழிலை, கட்டிய வீட்டை விட முடியாமல் அங்கேயே இருந்தார்கள். எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. 2012 இல் எனக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஆசிரியர் இடமாற்றம் கிடைத்தது. தம்பிமாரும் சாச்சிமாரும் புத்தளத்தில். பெருநாள், கல்யாணம், பிள்ளைப்பேறு, மையித்து எதுவானாலும் இந்தப் பாதைதான்.

மனைவி, உம்மா, மாமி, மூன்று பிள்ளைகள், நான். ஆக ஏழு பேர்.

முதலில் பார்த்தது சிறிய சுசுகி எவ்ரி வேன். நம் ஊர்களில் எங்கும் ஓடுகிறது. எரிபொருள் குறைவு, சந்து பொந்தெல்லாம் நுழையும். ஆனால் அது 660 சீ.சீ. எஞ்சின் கொண்டது. ஜப்பானில் அந்த வகைக்குச் சட்டம் அனுமதிப்பது நான்கு பேரை மட்டும். இங்கே நாம் பின்னால் ஒரு பெஞ்சைப் பொருத்தி ஏழு, எட்டுப் பேரை ஏற்றுகிறோம்! பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வர அது போதும். யானை குறுக்கிடும் ஒட்டுசுட்டான் பாதையில், இரவில், ஏழு உயிர்களோடு அதில் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

அடுத்தது, பார்த்தவுடன் பிள்ளைகள் கைதட்டிய டொயோட்டா சியன்டா. ஹொண்டா ஃபிரீட் என்பதும் அதே மாதிரிதான். மூன்று வரிசை, இழுத்துத் திறக்கும் கதவு, கார் போன்ற சொகுசு. சியன்டா 2003 இலும் ஃபிரீட் 2008 இலும் ஜப்பானில் வந்தவை. பின்னர் இரண்டிலும் ஹைபிரிட் வந்தது. கொழும்பில், கண்டியில் இருப்பவர்களுக்கு நல்ல வாகனம் என்றே சொல்வேன். ஆனால் எங்கள் நோக்கம் வேறு. மூன்றாம் வரிசையில் என் மாமியை உட்கார வைத்துப் பார்த்தேன். முழங்கால் நாடியைத் தொடாத குறை. நிலத்திலிருந்து உயரமும் குறைவு. ஏ9 வீதி இப்போது கம்பளம் போல இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏ9 வாசலுக்கு வருவதில்லையே! மார்கழி மழையில் உள்ளூர்க் கிரவல் பாதை குளமாகும்போது அடி தட்டாத வாகனம் வேண்டும். ஹைபிரிட் பற்றரி பழுதானால் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியும் இருந்தது. விலையோ ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது.

"டொல்பின்" என்று எல்லாரும் அழைக்கும் டொயோட்டா ஹயேஸ் பெரிய குடும்பத்துக்கு அருமையான வேன். வாடகைக்கு ஓட்டுபவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அதைப் புகழாதவர் இல்லை. ஏழு பேருக்கு அது பெரிய பானையில் சிறு சோறு சமைப்பது போலாகிவிடும்.

கடைசியில் கண் நின்றது டொயோட்டா டவுன்ஏஸ் டீசல் வேனில். 1996 இல் வந்த அரை மூக்கு வடிவம். பழைய தட்டை முகம் போலல்லாமல் முன்னால் சிறிது நீட்டி இருக்கும். எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழேதான். எங்களுடையது 3சி எனப்படும் 2184 சீ.சீ. டீசல் எஞ்சின். லீற்றருக்குப் பத்து, பதினொரு கிலோமீற்றர் எங்கள் பாதையில் கிடைக்கிறது. இதன் உதிரிப்பாகம் வவுனியாவில் கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்து சேரும். அழகான வாகனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சந்தியில் நின்றாலும் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருப்பார். வன்னியில் அதுதான் பெரிய விஷயம். யுத்த காலத்தில் வடக்கில் பெற்றோல் இல்லாமல் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய மண் இது. திருத்த முடியாத வாகனத்தை இந்தப் பக்கத்து மனிதர்கள் நம்புவதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. இந்தோனேசியாவில் நோன்புப் பெருநாளுக்கு நகரங்களிலிருந்து சொந்த ஊருக்குக் கோடிக்கணக்கில் புறப்படுகிறார்கள். "முடிக்" என்று அதற்குப் பெயர். அந்த நாட்டின் குடும்பங்களுக்காகவே 1977 இல் டொயோட்டா கிஜாங் என்ற எளிய வண்டி வந்தது. பின் 2003 இல் ஏழு ஆசன அவன்சா வந்தது. தமிழ்நாட்டில் உறவினர் உள்ள சகோதரிகள் குவாலிஸ் வண்டியை அறிவார்கள். அதுவும் கிஜாங்கின் வம்சமே. பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் ஊருக்குப் போகவேண்டும் என்ற தேவை எங்கே உண்டோ அங்கே இப்படி ஒரு வாகனம் பிறந்துவிடுகிறது.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள்.

முதலில் ஒரு வேனைப் பார்த்து முற்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். பளபளவென்று புது வர்ணம். விற்றவர் வேனைக் காட்டியபோதே எஞ்சின் சூடாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. வவுனியாவில் கராஜ் வைத்திருக்கும் ஒரு தமிழ் அண்ணன், எனக்கு நெடுநாள் பழக்கம், அவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "மௌலவி, பெயின்றைப் பாக்காதேங்கோ. காலமை வாறம் எண்டு சொல்லுங்கோ. எஞ்சின் குளிரா இருக்கேக்கை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவேணும்" என்றார். மறுநாள் சொல்லாமல் அதிகாலையில் போனோம். நான்கு முறை திருகிய பின் கிளம்பியது, நீலப் புகையோடு. எண்ணெய் எரிகிறது என்று அதற்கு அர்த்தமாம்.

பத்திரத்தைக் கேட்டேன். அதிலே இன்னொரு சிக்கல். பதிவுச் சான்றிதழில் இருந்த பெயர் விற்பவருடையதல்ல. இடையில் எத்தனையோ கை மாறி, ஒவ்வொருவரும் பெயரை மாற்றாமல் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தையே கொடுத்து விற்றிருக்கிறார்கள். "ஓப்பன் பேப்பர்" என்று இதை ஏதோ வசதி போலச் சொல்கிறார்கள். சகோதரிகளே, அப்படி வாங்கிய வாகனம் சட்டத்தின் முன் உங்களுடையதல்ல. முதல் உரிமையாளர் மௌத்தாகிவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ பெயர் மாற்றத் தெருத்தெருவாக அலையவேண்டும். லீசிங் பாக்கி இருந்தால், பதிவில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர் நிற்கும். கண்ணாடிக்குள் பார்க்கும் நேரத்தில் பாதியாவது அந்தத் தாளைப் பாருங்கள். சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தாளிலும் வண்டியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

இரண்டாவது வேன் குருநாகல் பக்கத்தில் கிடைத்தது. இம்முறை நான் மட்டும் போகவில்லை. மனைவி, உம்மா, மாமி மூவரையும் கூட்டிச் சென்றேன். விற்பனையாளருக்கு வியப்பு. "பொம்பளைகள் எதற்கு?" என்று கேட்காத குறையாகப் பார்த்தார். நான் சாரதி ஆசனத்தில் ஏறவே இல்லை. மூன்று பெண்களையும் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கராஜ் அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, மேடு பள்ளமான ஒரு பாதையில் பத்து நிமிடம் ஓட்டச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது எனக்குத் தெரியாத நான்கு விஷயம் தெரிந்தது. படி உயரம் என்பதால் உம்மாவுக்கு ஏற முடியவில்லை, ஒரு கீழ்ப்படி பொருத்தவேண்டும். கடைசி வரிசைக்கு ஏ.சி. காற்று வரவில்லை. பின் ஆசனம் கம்பனி கொடுத்ததல்ல, யாரோ வெல்டிங் செய்த பெஞ்ச். அதன் கால் ஒன்று ஆடுகிறது என்று மாமிதான் கண்டுபிடித்தார்! நான்காவது, பக்கக் கண்ணாடி திறக்காதது. வாந்தி வரும் பிள்ளையை அந்த ஓரத்தில் இருத்த முடியாது. இந்த நான்கையும் சொல்லி விலையில் குறைத்துக் கேட்டோம், கொடுத்தார். ஆடிய பெஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய ஜப்பான் ஆசனம் ஒன்றை, இடுப்புப் பட்டியோடு, தரையில் போல்ட் இட்டுப் பூட்டினோம். 2011 இல் வந்த சட்டம் கேட்டது முன் ஆசனப் பட்டியை மட்டும்தான். என் பிள்ளைகள் இருப்பது பின்னால் அல்லவா?

பணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். லீசிங் கம்பனிகள் ஒரே நாளில் தருகிறோம் என்றன. வட்டிக்கு எடுப்பதில்லை என்பதில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு கருத்து இருந்ததில்லை. முராபஹா முறையில் வங்கி வாகனத்தைத் தானே வாங்கி, தன் இலாபத்தை முன்கூட்டியே சொல்லி, தவணைக்கு நமக்கு விற்கிறது. விற்ற பின் விலை ஏறாது. நம் நாட்டில் முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் அமானா வங்கி 2011 இல் தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் தனிப் பிரிவு உண்டு. ஆனால் பெயரில் அரபுச் சொல் இருப்பது மட்டும் போதாது. வங்கி உண்மையில் வாகனத்தைத் தன் உடைமையாக்கித்தான் விற்கிறதா, தவணை பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டியவர்கள் நாமல்ல. எங்களுக்குப் பழைய வண்டி என்பதால் அந்த வழி சரிவரவில்லை. என் சேமிப்பு கொஞ்சம், தம்பிமார் தந்த கைமாற்று கொஞ்சம். மீதி, பாதிக்கும் மேல், மனைவியின் நகை.

இதைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெண்ணின் நகையை விற்று வீட்டுக்கு வாகனம் வாங்குவது நம்மில் சாதாரணம். வாங்கிய பின் வாகனம் கணவன் பெயரில் இருக்கும், நகை பற்றிய பேச்சு மறைந்துவிடும். மஹரும் நகையும் அவளது சொத்து என்று பாடம் நடத்துகிற நானே அப்படிச் செய்தால் எப்படி? வேனை மனைவியின் பெயரில் பதிந்தேன். ஒரு நண்பர், "மௌலவி, பொஞ்சாதி வேனுக்கு நீங்க டிரைவரா?" என்று கேட்டார். ஆம், டிரைவர்தான். சம்பளம் மட்டும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

இலக்கத் தகடு இன்னொரு வேடிக்கை. 2000 ஆம் ஆண்டிலிருந்து வந்த எழுத்துத் தகடுகளில் 2022 வரை மாகாணத்தின் பெயரும் இருந்தது. எங்கள் வேனில் இருந்தது வடமேல் மாகாணத்துக்குரிய "என்.டபிள்யூ." நீராவிப்பிட்டியில் நிறுத்தினால் "புத்தளத்து வண்டி" என்பார்கள். புத்தளத்தில் நிறுத்தினால் "முல்லைத்தீவார் வந்திருக்கிறார்கள்" என்பார்கள். வாக்காளர் இடாப்பு முதல் பாடசாலை அனுமதி வரை இந்த மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வியை, இப்போது வேனிடமும் கேட்கிறார்கள். தொழுகையிலும் இதே கேள்விதான். "புத்தளம் போனால் நாங்கள் முஸாபிரா? கஸ்ராகத் தொழலாமா?" என்று பெண்கள் கேட்டனுப்புவார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் முழுமையாகத் தொழவேண்டும் என்று சொல்வேன். எது உங்கள் சொந்த ஊர் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றும் சொல்வேன். அதற்கு உடனே பதில் வருவதில்லை.

பாதையைப் பற்றி இரண்டு வார்த்தை. புத்தளத்தில் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் தப்போவ, காலாஓயா, நொச்சியாகம என்று வில்பத்துக் காட்டின் ஓரமாகப் போகும் வீதி குளிர்ச்சியாக இருக்கும். அநுராதபுரத்தில் தேநீர். மதவாச்சி தாண்டி வவுனியா. பெண்கள் இறங்கி ஆற அமர இருக்க வவுனியாவை விட்டால் வேறு இடம் சொல்வது கடினம். ஆகவே அங்கே அரை மணி நேரம் கட்டாயம் நிற்போம். பட்டாணிச்சூரில் உறவினர் வீடும் உண்டு. பின் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம். மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை.

கனகராயன்குளத்துக்கு அருகில்தான் எங்கள் வேன் முதலும் கடைசியுமாக நின்றது. குற்றம் என்னுடையது. இந்த 2சி, 3சி டீசல் எஞ்சின்களுக்குச் சூடு ஆகாது, மீறினால் சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும், ரேடியேட்டர் குழாயை மாற்றிவிட்டுப் போங்கோ என்று கராஜ் அண்ணன் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டேன். சூட்டு முள் ஏறுவதை நான் காணவில்லை. முன் ஆசனத்தில் இருந்த மனைவி, "கால் சுடுகிறது, நிறுத்துங்கள்" என்றார். எஞ்சினின் மேலல்லவா இருக்கிறார்! இறங்கிப் பார்த்தால் குழாய் வெடித்து நீர் முழுவதும் போயிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் வேனின் பாதி விலை போயிருக்கும். அன்றிலிருந்து சூட்டு முள்ளைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய வேன்களின் விலை பவுன் விலை போல ஏறியது. எங்கள் வேனை இரு மடங்குக்குக் கேட்டு வந்தார்கள். உம்மா ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றுவிட்டார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்தார்கள். ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய ஏழு ஆசன வண்டி எங்களைப் போன்றோருக்கு இன்னும் கனவுதான். ஆகவே வாங்க நினைப்பவர்கள் நல்ல பழையதைத் தேடுங்கள். வாங்கும் விலையைத் தவிர, முதல் ஆறு மாதத் திருத்த வேலைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு வாங்குங்கள். நான்கு டயர், பற்றரி, பெல்ட், குழாய்கள். இவை எப்படியும் வரும்.

2022 ஐ எந்த வீடும் மறக்காது. எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. ஓகஸ்ட் முதல் கியூ.ஆர். அட்டைக்கு வேனுக்கு வாரம் 20 லீற்றர். எங்கள் வேனுக்கு 20 லீற்றர் என்றால் ஒரு வழிப் பயணம். போகலாம், வர முடியாது. அந்த மாதத்தில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குப் புத்தளத்திலிருந்து செய்தி வந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, மௌத்தாகிவிட்டார். லுஹருக்குப் பின் ஜனாஸா. பஸ் ஓடுவது நிச்சயமில்லை. உம்மா எதுவும் சொல்லவில்லை, எழுந்து வுழூ செய்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். டாங்கியில் அந்த வாரத்து 20 லீற்றர் அப்படியே இருந்தது. ஏழு பேரும் ஏறினோம். யானைக்குப் பயந்து ஒட்டுசுட்டான் வரை ஊர்ந்து, ஏ.சி. போடாமல், மணிக்கு ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். பாலாவிச் சந்திக்கு வரும்போது எரிபொருள் முள் கீழே படுத்துவிட்டது. மணி ஒன்பதும் ஆகவில்லை. உம்மா தன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அடுத்த வாரப் பங்கு கிடைக்கும்வரை புத்தளத்திலேயே இருந்தோம். முழுதாக நான்கு நாளுக்கு மேல். முழுமையாகத்தான் தொழுதோம்.

2023 செப்டம்பரில் அந்தப் பங்கீடு நீங்கியது. வேன் இன்னும் ஓடுகிறது. வர்ணம் மங்கிவிட்டது. உம்மாவுக்கு எப்போதும் நடு வரிசையில், இடப்பக்க ஓரம். ஒட்டுசுட்டானுக்கு அருகில் வரும்போது மட்டும் கண்ணாடியைத் திறக்கச் சொல்வார். "இந்தப் பாதையால்தான் அன்றைக்குப் பெட்டியில் போனோம்" என்று பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகள் பல முறை கேட்டதுதான், ஆனாலும் ஏ.சி.யை அணைத்துவிடுவார்கள். மூத்த மகளுக்கு இப்போது பதினாறு வயது. கடைசி வரிசையில் முழங்கால் இடிக்கிறது என்று முறையிடுகிறாள். வரும் விடுமுறைக்குள் அந்த ஆசனத்தை நான்கு அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டவேண்டும். கராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். காலமை குளிரோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.